மூன்று தவணை கொடுத்தும் இன்னும் எத்தனை தடவை?
வேலூர் ஆய்வுக்கூடம் கண்டுபிடித்த பதில்



இலத்தூர், அச்சன்புதூர், வடகரை, பண்பொழி என்று நம் வட்டாரத்து ஊர்களில், புதன்கிழமை தடுப்பூசி போடும் இடத்துக்குப் பேரப்பிள்ளையை இடுப்பில் தூக்கி வருகிற பாட்டிமார்கள் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "நர்சம்மா, பிறந்தப்பவே ஒரு தடவை ஊத்தியாச்சு. அதுக்கப்புறம் மூணு தடவை ஊத்தியாச்சுல்லா? இன்னும் எத்தனை தடவைதான் இந்தச் சொட்டு மருந்து?" கேள்வியில் தவறு ஒன்றும் இல்லை. ஒரு மருந்தைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால், அது வேலை செய்கிறதா என்ற சந்தேகம் யாருக்கும் வரத்தான் செய்யும்.

மிஷன் மருத்துவமனைகளுக்குக் காணிக்கை அனுப்புகிறவர்கள் மனதில் வேறொரு கேள்வி உண்டு. "கட்டிலுக்கும் மருந்துக்கும் கொடுக்கிறோம், சந்தோஷம். ஆராய்ச்சிக்கு எதற்கு? அதெல்லாம் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் செய்கிற காரியம் அல்லவா?" என்பதே அது.

இந்த இரண்டு கேள்விகளுக்கும் பதில் ஓரிடத்திலேயே இருக்கிறது. சபைகளின் காணிக்கையால் வளர்ந்த வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் ஆய்வுக்கூடமே அந்த இடம். அங்கே நடந்த வேலையை நம் பங்காளர்கள் அறிந்திருப்பது நல்லது.

சூம்பின கால்கள்

நம் பகுதியில் நாற்பது, ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்கு இளம்பிள்ளை வாதத்தைப் பற்றி விளக்கம் தேவையில்லை. ஒரு கால் சூம்பி, கையை முழங்காலில் ஊன்றி நடந்துவந்த பிள்ளையோ, இரும்புப் பட்டை பூட்டிய பூட்சும் கக்கத்துக் கட்டையுமாக வந்த பிள்ளையோ அவர்கள் படித்த பள்ளிக்கூடத்தில் இருந்திருக்கும். இரண்டு நாள் காய்ச்சல், அதற்குப்பின் ஒரு காலை அசைக்க முடியவில்லை என்று பெற்றோர் சொல்வார்கள். காய்ச்சல் போய்விடும், கால் திரும்பாது. 1970-களின் இறுதியில் இந்தியாவில் ஆண்டுக்கு ஏறக்குறைய 2 லட்சம் பிள்ளைகளை இந்த வியாதி முடமாக்கியது என்று மதிப்பிடப்பட்டது.

இதை உண்டாக்கும் போலியோ வைரஸ் வாய் வழியாக உள்ளே போய் தொண்டையிலும் குடலிலும் பெருகுகிறது. பின்பு மலத்தோடு வெளியே வருகிறது. குளத்துக்கரையில் மலம் கழித்து, அதே குளத்தில் கால் கழுவி, குளித்து, பாத்திரமும் தேய்த்த காலம் அதற்கு ஏற்ற காலமாயிருந்தது. சாரல் பெய்து தண்ணீர் ஓடும் ஊர்களிலும் கழிவு குடிநீரில் கலந்தால் இதே கதைதான்.

வைரஸ் தொற்றிய எல்லாப் பிள்ளைகளுக்கும் வாதம் வருவதில்லை. ஏறக்குறைய 200 பேருக்குத் தொற்றினால் ஒருவருக்குத்தான் கை கால் விழும். மற்ற 199 பேரில் அநேகர் வியாதி வந்ததே தெரியாமல் விளையாடிக்கொண்டிருப்பார்கள், ஆனாலும் வைரஸை ஊரெங்கும் பரப்புவார்கள். ஆகையால் கால் விழுந்த ஒரு பிள்ளையை மருத்துவமனையில் பார்க்கும்போது, அந்த ஊரில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளிடம் வைரஸ் ஏற்கெனவே போய்விட்டது என்று பொருள். வாதம் வந்தபின் அதைக் குணமாக்க மருந்து அன்றும் இல்லை, இன்றும் இல்லை. முன்கூட்டியே தடுப்பது ஒன்றுதான் வழி.

ஊசியும் சொட்டும்

தடுக்கும் வழி இரண்டு வகையில் கிடைத்தது. அமெரிக்காவில் டாக்டர் ஜோனஸ் சால்க், வைரஸைக் கொன்று ஊசியாகப் போடும் மருந்தைக் கண்டுபிடித்தார். அது பலன் தருகிறது என்று 1955 ஏப்ரல் மாதம் அறிவிக்கப்பட்டது. அதன்பின் டாக்டர் ஆல்பர்ட் சாபின், வைரஸை உயிரோடு வைத்து, ஆனால் வலுவிழக்கச் செய்து, வாயில் ஊற்றும் சொட்டு மருந்தை உருவாக்கினார். அது 1960-களின் தொடக்கத்தில் உபயோகத்துக்கு வந்தது.

ஏழை நாடுகளுக்குச் சொட்டு மருந்து வரப்பிரசாதமாகத் தோன்றியது. விலை குறைவு. ஊசி வேண்டாம். கொஞ்சம் பழக்கினால் யாரும் கொடுக்கலாம். அதோடு, இயற்கையான வைரஸ் போகிற அதே பாதையில் இதுவும் போய், குடலிலேயே காவலை ஏற்படுத்துகிறது. மேலை நாடுகளில் மூன்று தவணை கொடுத்தால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேலான பிள்ளைகளுக்கு எதிர்ப்புச் சக்தி உண்டானது. எனவே எல்லா நாடுகளுக்கும் மூன்று தவணை போதும் என்று எல்லாரும் எண்ணிக்கொண்டார்கள்.

வேலூரில் எழுந்த சந்தேகம்

1900-ம் ஆண்டில் டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு தொடங்கிய மருத்துவப் பணி, அறுபது ஆண்டுகளில் பெரிய கல்லூரி மருத்துவமனையாக வளர்ந்திருந்தது. அங்கே குழந்தை மருத்துவராயிருந்த டாக்டர் டி. ஜேக்கப் ஜான், 1967-ல் வைரஸ் நோய்களைக் கண்டறியும் ஓர் ஆய்வுக்கூடத்தைத் தொடங்கினார். நோயாளிகளுக்காகவே இவ்விதம் ஏற்படுத்தப்பட்ட வைரஸ் ஆய்வுக்கூடங்களில் இந்தியாவில் இதுவே முதலாவது.

வாதம் வந்து தூக்கிவரப்பட்ட பிள்ளைகளில் சிலர் மூன்று தவணைச் சொட்டு மருந்தும் வாங்கியிருந்தார்கள். இதற்கு எளிதான பதில்கள் இரண்டு இருந்தன. ஒன்று, மருந்தைக் குளிர்ச்சியில் வைக்காமல் கெடுத்துவிட்டார்கள் என்பது. உயிருள்ள வைரஸ் வெயிலில் செத்துவிடும், அது உண்மையே. மற்றொன்று, தாயார் சரியாக நினைவு வைத்துச் சொல்லவில்லை என்பது. குற்றத்தை மின்சாரத்தின்மேலோ தாயின்மேலோ போட்டுவிட்டு விஷயத்தை அதோடு முடித்திருக்கலாம்.

டாக்டர் ஜேக்கப் ஜானும் அவரோடு உழைத்தவர்களும் அப்படி முடிக்கவில்லை. வீரியம் குறையாத மருந்தைத் தாங்களே பிள்ளைகளுக்குக் கொடுத்து, முன்னும் பின்னும் இரத்தத்தைப் பரிசோதித்தார்கள். போலியோ வைரஸில் மூன்று வகை உண்டு, சொட்டு மருந்தில் மூன்றும் சேர்ந்திருந்தன. மூன்று தவணைக்குப் பின்னும், முதல் வகைக்கும் மூன்றாம் வகைக்கும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பிள்ளைக்கு எதிர்ப்புச் சக்தி உண்டாகவில்லை என்று பரிசோதனை காட்டியது. இரண்டாம் வகைக்கு மட்டும் அநேகமாக எல்லாருக்கும் உண்டாயிற்று. இந்த முடிவுகள் 1972-ல் அமெரிக்க மருத்துவ இதழில் வெளியாயின.

மருந்தும் கெடவில்லை, தாயும் பொய் சொல்லவில்லை. அமெரிக்கப் பிள்ளையின் குடலில் வேலை செய்த அளவுக்கு நம் பிள்ளையின் குடலில் அந்த மருந்து வேலை செய்யவில்லை என்பதே உண்மை.

இதை வெளியே சொல்வது எளிதல்ல. சொன்னால் ஜனங்கள் தடுப்பு மருந்தையே நம்பாமல் போவார்களோ என்ற பயம் உண்டு. சொல்லாவிட்டால், தன் பிள்ளைக்குக் காவல் இருக்கிறது என்று ஒரு தாய் நிம்மதியாயிருக்க, பிள்ளையோ காவலின்றி இருக்கும். வேலூர் மருத்துவர்கள் சொல்லிவிடுவதையே தெரிந்துகொண்டார்கள். பிற நாடுகளிலிருந்தும் இதே செய்தி வந்தது. வளரும் நாடுகளின் ஆய்வுகளை 1991-ல் தொகுத்துப் பார்த்தபோது, மூன்று தவணைக்குப் பின் சராசரியாக முதல் வகைக்கு 73 சதவீதம், இரண்டாம் வகைக்கு 90 சதவீதம், மூன்றாம் வகைக்கு 70 சதவீதம் பிள்ளைகளுக்கே எதிர்ப்புச் சக்தி உண்டாயிருந்தது.

காரணத்தைத் தேடி

இரண்டாம் வகைக்கு மட்டும் ஏன் நல்ல பலன்? விவசாயம் தெரிந்த நம் ஜனங்களுக்கு இது உடனே விளங்கும். ஒரே பாத்தியில் மூன்று விதைகளை விதைக்கிறோம். அவற்றில் ஒன்று மடமடவென்று வளர்ந்து, மற்ற இரண்டையும் தலை தூக்க விடாமல் அமுக்குகிறது. சொட்டு மருந்தில் இரண்டாம் வகை வைரஸ் அப்படித்தான் செய்தது. அதோடு, நம் பிள்ளைகளின் குடலில் ஏற்கெனவே வேறு பல வைரஸ்களும் கிருமிகளும் குடியிருந்து இடம் பிடித்துக்கொள்கின்றன.

தாய்ப்பால்தான் மருந்தைக் கெடுக்கிறது என்ற எண்ணமும் அந்நாட்களில் இருந்தது. சொட்டு மருந்து கொடுப்பதற்கு முன்னும் பின்னும் சில மணி நேரம் பால் கொடுக்கக்கூடாது என்று தாய்மாருக்குச் சொல்லும் வழக்கமும் இருந்தது. வேலூரில் இதையும் சோதித்துப் பார்த்து 1976-ல் வெளியிட்டார்கள். தாய்ப்பால் குடித்த பிள்ளைகளுக்கு மருந்தின் பலன் குறையவில்லை. பசியில் அழும் குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டிய அவசியம் தாய்க்கு இல்லை என்று அதனால் தெரிந்தது.

பல வருஷங்களுக்குப் பின், குடல் கிருமிகளை மருந்து கொடுத்துக் குறைத்துவிட்டால் சொட்டு மருந்து நன்றாகப் பிடிக்குமா என்று வேலூரில் ஓர் ஆய்வு நடந்தது. குழந்தைகளில் ஒரு பாதிக்கு அசித்ரோமைசின் கொடுத்தார்கள். கிருமிகள் குறைந்தன, ஆனால் எதிர்ப்புச் சக்தி கூடவில்லை. 2016-ல் இந்த முடிவும் மறைக்கப்படாமல் வெளியாயிற்று. ஒரு வழி பயன்படாது என்று தெரிந்துகொள்வதும் லாபமே. கோடிக்கணக்கான பிள்ளைகளுக்கு வீணாய் ஒரு மருந்தைக் கொடுக்காதபடி அது காக்கிறது.

ஐந்து தவணை, ஒரே சமயத்தில்

மூன்று போதாதென்றால் என்ன செய்வது? மருந்தைத் தள்ளிவிடுவதா? வேலூர் குழுவினர் ஐந்து தவணை கொடுத்துப் பார்த்தார்கள். முதல் தவணைகளில் பிடிக்காத பிள்ளைகளில் மேலும் பலருக்குப் பின்னைய தவணைகளில் பிடித்தது. பாட்டிமார்கள் கேட்கும் கேள்விக்குப் பதில் இதுதான். ஒவ்வொரு தவணையிலும் இன்னும் கொஞ்சம் பிள்ளைகள் காவலுக்குள் வருகிறார்கள். நம் பிள்ளை முதல் தவணையிலேயே வந்துவிட்டதா, ஐந்தாவதில்தான் வருமா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆகவே எல்லாருக்கும் எல்லாத் தவணையும் கொடுக்க வேண்டியிருக்கிறது.

அடுத்து இன்னொரு யோசனை பிறந்தது. ஒவ்வொரு பிள்ளையும் தனித்தனி நாளில் வந்து மருந்து வாங்கினால், ஊரில் வைரஸுக்கு எப்போதும் ஏதாவது ஓர் இடம் காலியாகக் கிடைக்கும். ஊரிலுள்ள எல்லாச் சிறு பிள்ளைகளுக்கும் ஒரே சமயத்தில் கொடுத்தால், எல்லாக் குடலிலும் மருந்து வைரஸே நிறைந்திருக்கும். நோய் வைரஸுக்குத் தங்க இடமே இராது. நாடி விட்டுவிட்டுத் துடிப்பதுபோல் குறிப்பிட்ட காலங்களில் இப்படிக் கொடுப்பதற்கு 'பல்ஸ்' முறை என்று பெயர் வந்தது. வேலூர் நகரத்தில் இதைச் செய்து பார்த்ததில் இளம்பிள்ளை வாதம் கட்டுக்குள் வந்தது. அந்த அறிக்கை 1983 ஜனவரியில் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியானது. இன்று எல்லார் வாயிலும் புழங்கும் 'பல்ஸ் போலியோ' என்ற வார்த்தையின் பின்னணி இதுவே.

அஞ்சல் அட்டை செய்த ஊழியம்

நோய் குறைந்தது என்று சொல்ல, முதலில் அது எவ்வளவு இருக்கிறது என்று எண்ணத் தெரிய வேண்டும். அந்நாட்களில் கம்ப்யூட்டரோ கைபேசியோ கிராமத்து டாக்டர்களிடம் இல்லை. 1980-களில் வேலூர் குழுவினர் அப்போதைய வட ஆற்காடு மாவட்டத்திலிருந்த மருத்துவமனைகளுக்கு அச்சடித்த அஞ்சல் அட்டைகளைக் கொடுத்து வைத்தார்கள். இளம்பிள்ளை வாதம், தட்டம்மை, ரணஜன்னி, கக்குவான் இருமல் போன்ற வியாதி ஒன்றைப் பார்த்த டாக்டர், அட்டையில் சில வரி எழுதித் தபால் பெட்டியில் போட்டால் போதும். வந்த செய்திகளைத் தொகுத்து 'நதி' என்ற மாதப் பத்திரிகையாக அந்த டாக்டர்களுக்கே திருப்பி அனுப்பினார்கள். மாவட்டச் சுகாதாரத் தகவல் என்பதற்கான ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து வைத்த பெயர் அது.

தான் எழுதிய அட்டையால் ஏதோ நடக்கிறது என்று கண்ட டாக்டர் அடுத்த அட்டையையும் எழுதினார். எந்த ஊரில் நோய் தலைகாட்டுகிறது என்று சுகாதாரத் துறைக்கு உடனுக்குடன் தெரிந்தது. பெரிய செலவில்லாமல், ஒரு மாவட்டத்துக்குள்ளேயே இதைச் செய்ய முடியும் என்று இந்தப் பணி காட்டிற்று.

வேலூரிலிருந்து தேசமெங்கும்

1988-ல் உலக நாடுகள் கூடி போலியோவை அடியோடு ஒழிப்பது என்று தீர்மானித்தன. அப்போது 125-க்கும் மேற்பட்ட நாடுகளில் ஆண்டுக்கு ஏறக்குறைய 3,50,000 பேரை அந்த வியாதி தாக்கிக்கொண்டிருந்தது. இந்தியா முழுவதற்குமான முதல் பல்ஸ் போலியோ நாள் 1995 டிசம்பர் 9. இரண்டாவது நாள் 1996 ஜனவரி 20. பின் வந்த ஆண்டுகளில் ஒரே சுற்றில் ஏறக்குறைய 17 கோடிப் பிள்ளைகளுக்கு, 23 லட்சம் பேர் சொட்டு மருந்து ஊற்றினார்கள். பேருந்து நிலையம், ரயில் நிலையம், சோதனைச் சாவடி, குற்றாலம் போன்று வெளியூர் ஜனங்கள் கூடுமிடங்கள் எங்கும் நீலப் பெட்டியோடு ஆட்கள் நின்றார்கள்.

தமிழ்நாட்டில் 2004-க்குப் பிறகு இயற்கை வைரஸால் போலியோ வரவில்லை. வட இந்தியாவிலோ போராட்டம் நீண்டது. ஜன நெருக்கமும் அசுத்தமும் மிகுந்த உத்தரப்பிரதேசத்தில் ஒரு தவணை மருந்து முதல் வகை வைரஸுக்கு எதிராக 9 சதவீதமே பலன் தந்தது. இந்தியாவின் பெரும்பாலான பிற பகுதிகளில் அது 21 சதவீதம் என்று 2006-ல் வெளியான ஆய்வு காட்டிற்று. வேலூரில் முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்பு கண்ட அதே உண்மை அங்கே இன்னும் கடுமையாக இருந்தது. பத்துத் தவணைக்கு மேல் வாங்கிய பிள்ளைகளுக்கும் சிலவேளை வாதம் வந்தது. "மருந்தில் ஏதோ இருக்கிறது" என்று வதந்தி பரவி, சில ஊர்களில் ஜனங்கள் கதவைச் சாத்தினார்கள்.

பாத்தியில் முந்தி வளரும் விதையை எடுத்துவிடுவதே தீர்வாயிருந்தது. 2005-ல் முதல் வகை மட்டும் அடங்கிய மருந்தும், 2010-ல் முதலாம் மூன்றாம் வகைகள் மட்டும் அடங்கிய மருந்தும் வந்தன. 2009-ல் இந்தியாவில் 741 பேருக்குப் போலியோ வந்தது. 2010-ல் 42 பேருக்கு. 2011-ல் ஒரே ஒருவருக்கு, மேற்கு வங்காளத்தின் ஹவுரா மாவட்டத்தில் ஒரு சிறு பெண்குழந்தைக்கு. அந்த 2011 ஜனவரி 13-க்குப் பின் இந்த நாட்டில் எந்தப் பிள்ளைக்கும் இயற்கை வைரஸால் கால் விழவில்லை. 2014 மார்ச் 27-ல் உலகச் சுகாதார நிறுவனம், நம் தேசத்தையும் சேர்த்துத் தென்கிழக்கு ஆசியப் பகுதி போலியோ அற்றது என்று சான்று அளித்தது.

சொல்லத் தயங்காத இன்னோர் உண்மை

சொட்டு மருந்துக்கு ஒரு குறை உண்டு. உயிருள்ள வைரஸ் ஆனபடியால், லட்சக்கணக்கானவர்களில் ஒருவருக்கு என்ற மிக அரிதான கணக்கில் அதுவே வாதத்தை உண்டாக்கிவிடும். தடுப்பு மருந்து வாங்காத பிள்ளைகள் அதிகமாயிருக்கும் இடத்தில், மருந்து வைரஸ் ஆள் மாறி ஆள் பரவிப் பழைய வலுவைத் திரும்பப் பெறுவதும் உண்டு. டாக்டர் ஜேக்கப் ஜான் இதையும் வெளிப்படையாகப் பேசி, ஊசி மருந்தும் நம் பிள்ளைகளுக்கு வேண்டும் என்று நெடுங்காலம் வாதாடினார்.

அந்த வாதத்துக்கும் வேலூரிலேயே சோதனை நடந்தது. முன்பே சொட்டு மருந்து வாங்கியிருந்த 450 பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்கு ஓர் ஊசி போட்டார்கள். அதன்பின் எல்லாருக்கும் மறுபடியும் சொட்டு மருந்து கொடுத்து, மலத்தில் எவ்வளவு வைரஸ் வெளியாகிறது என்று பார்த்தார்கள். ஊசி போட்ட பிள்ளைகளிடம் வைரஸ் குறைவாகவே வெளிவந்தது. ஊசி இரத்தத்தில் மட்டும் வேலை செய்யும், குடலுக்கு உதவாது என்று நினைத்திருந்தவர்களுக்கு 2014-ல் வெளியான இந்த முடிவு புதிய செய்தி. சொட்டு மருந்தால் பழகிய குடலை ஊசி மறுபடியும் விழிப்பாக்குகிறது என்று விளங்கிற்று.

2015 நவம்பர் 30 முதல் இந்திய அரசின் தடுப்பூசித் திட்டத்தில் போலியோ ஊசியும் சேர்க்கப்பட்டது. 2016 ஏப்ரல் 25 முதல், உலகத்திலிருந்தே ஒழிந்துபோன இரண்டாம் வகை நம் சொட்டு மருந்திலிருந்து நீக்கப்பட்டது. இன்று சொட்டு மருந்தும் வேண்டும், ஊசியும் வேண்டும் என்று செவிலியர் சொல்வதன் காரணம் இதுதான்.

அதே பாடம், வேறொரு வியாதி

குழந்தைகளுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாக்கும் ரோட்டா வைரஸ் 1973-ல் ஆஸ்திரேலியாவில் கண்டுபிடிக்கப்பட்டது. தடுப்பு மருந்து வருவதற்கு முன் இந்தியாவில் ஆண்டுக்கு ஏறக்குறைய 78,000 சிறு பிள்ளைகள் இதனால் மரித்தார்கள் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். மேலை நாடுகளில் நன்றாகப் பலன் தந்த மருந்து இங்கேயும் அப்படியே தருமா?

சி.எம்.சி.யில் பணியாற்றிய டாக்டர் ககன்தீப் காங்கும் அவரோடு உழைத்தவர்களும் வேலூர் நகரின் ஏழைக் குடியிருப்புகளில் 373 குழந்தைகளைப் பிறந்ததுமுதல் மூன்று வயதுவரை தொடர்ந்து கவனித்தார்கள். மெக்சிகோவில் நடந்த இதைப்போன்ற ஆய்வில், இரண்டு முறை இயற்கையாகத் தொற்று வந்த பிள்ளைக்கு அதன்பின் கடுமையான வயிற்றுப்போக்கே வரவில்லை. வேலூரிலோ மூன்று முறை தொற்றிய பின்னும் 79 சதவீதக் காவலே உண்டானது. இயற்கையே முழுக் காவல் தராத இடத்தில் மருந்திடம் முழுக் காவலை எதிர்பார்க்க முடியாது என்று 2011-ல் வெளியான அந்த ஆய்வு முன்னதாகவே காட்டியது.

1980-களில் டெல்லியில் பிறந்த குழந்தைகளிடம், நோய் உண்டாக்காமல் தங்கியிருந்த ஒரு ரோட்டா வைரஸைக் கண்டெடுத்தார்கள். அதைக் கொண்டு இந்தியாவிலேயே உருவாக்கிய மருந்தை டெல்லி, புனே, வேலூர் ஆகிய இடங்களில் 6,799 குழந்தைகளிடம் சோதித்தபோது, கடுமையான வியாதியை அது பாதிக்குச் சற்று மேல் தடுத்தது. 2016-ல் நான்கு மாநிலங்களிலும், 2017-ல் தமிழ்நாட்டிலும் அரசுத் திட்டத்தில் ரோட்டா மருந்து சேர்ந்தது. பின்பு 9 மாநிலங்களில் 31 மருத்துவமனைகளில் கணக்கெடுத்தபோதும் அந்த இந்திய மருந்தின் பலன் 54 சதவீதம் என்றே தெரிந்தது.

"பாதிதானா?" என்று மனம் சோர வேண்டாம். நூறு பிள்ளைகள் கடும் வயிற்றுப்போக்கோடு வர வேண்டிய வார்டுக்கு நாற்பத்தாறு பேரே வருகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். மீதிப் பாதிக்கு உப்புச் சர்க்கரைக் கரைசலும், துத்தநாக மாத்திரையும், தாய்ப்பாலும், சுத்தமான தண்ணீரும் வேண்டும். பலன் பாதி என்று உண்மையைச் சொன்னதால்தான், தடுப்பு மருந்து கொடுத்தாயிற்று என்று மற்றவற்றை யாரும் கைவிடவில்லை.

நம்முடைய பங்கு

மருந்து எங்கே கண்டுபிடிக்கப்பட்டாலும், அது நம் மண்ணில், நம் தண்ணீரைக் குடித்து வளரும் நம் பிள்ளைகளிடம் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க ஆட்கள் வேண்டும். அந்தப் பணியைப் பெரும்பாலும் வெளியே யாரும் காண்பதில்லை. சோதனைக் குழாய், குளிர்பதனப் பெட்டி, வீடு வீடாய் நடக்கும் களப்பணியாளர் என்று அது பல வருஷங்கள் நடக்கும். கட்டில் வாங்கிக் கொடுத்தால் அதில் படுத்திருப்பவரைப் பார்க்கலாம். ஆய்வுக்கூடத்துக்குக் கொடுத்தால், மருத்துவமனைக்கே வராமல் தெருவில் ஓடி விளையாடும் பிள்ளைதான் பலன். திமிர்வாதக்காரனை நாலு பேர் சுமந்து கூரை வழியாய் இறக்கிய சம்பவத்தை நாம் அறிவோம். தன் காலில் தானே நடக்கிற பிள்ளையைச் சுமக்க யாரும் வேண்டாம். ஆனால் அந்தப் பிள்ளை நடப்பதற்குப் பின்னால் நாலாயிரம் பேருடைய பிரயாசம் இருக்கிறது.

வேலை இன்னும் முடியவில்லை. பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் இயற்கை வைரஸ் இன்னும் ஒழியவில்லை. 2022-ல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் தடுப்பு மருந்தே வாங்காத ஒருவருக்கு வாதம் வந்தது. 2024-ல் காசாவில், 25 ஆண்டுகளுக்குப் பின், பத்து மாதக் குழந்தை ஒன்றுக்குக் கால் விழுந்தது. இரண்டும் மருந்து வைரஸ் வலுப்பெற்றுப் பரவியதால் வந்தவை. தடுப்பு மருந்து வாங்காத பிள்ளைகள் கூடிக்கொண்டே போகும் ஊரில்தான் இப்படி நடக்கும்.

ஆகையால் பங்காளர்களைக் கேட்டுக்கொள்வது இதுவே. உங்கள் வீட்டிலும், ஆலயத்திலும், பக்கத்துத் தெருவிலும் உள்ள சிறு பிள்ளைகளின் தடுப்பூசி அட்டையை வாங்கிப் பாருங்கள். பிறந்தவுடனும், ஆறு, பத்து, பதினான்கு வாரங்களிலும், ஒன்றரை வயதை ஒட்டியும் சொட்டு மருந்து உண்டு. ஆறாவது, பதினான்காவது வாரங்களிலும், ஒன்பதாம் மாதத்திலும் போலியோ ஊசி உண்டு. ரோட்டா மருந்து ஆறு, பத்து, பதினான்கு வாரங்களில். ஒன்பதாம் மாதத்திலும் ஒன்றரை வயதை ஒட்டியும் தட்டம்மை ரூபெல்லா ஊசி. தவறிய தவணை இருந்தால் பயப்பட வேண்டாம், பக்கத்து ஆரம்பச் சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனால் எதை எப்போது போடலாம் என்று சொல்வார்கள்.

"இன்னும் எத்தனை தடவை?" என்று கேட்கும் பாட்டியைக் கோபிக்காதீர்கள். வேலூர் டாக்டர்களும் ஏறக்குறைய அதே கேள்வியைத்தான் கேட்டார்கள். பொறுமையாய் உட்கார்ந்து, காரணத்தைச் சொல்லுங்கள்.

ஜெபக் குறிப்புகள்: வெயிலிலும் சாரலிலும் மருந்துப் பெட்டியைச் சுமந்து கிராமங்களுக்குப் போகும் செவிலியர்களுக்காகவும், சோர்ந்துபோகாமல் உண்மையைத் தேடும் ஆய்வாளர்களுக்காகவும், போலியோவால் ஊனமாகி இன்று முதிர்வயதில் மறுபடியும் பலவீனப்படுகிற நம் சகோதர சகோதரிகளுக்காகவும் ஜெபியுங்கள்.